தொண்டைப் புற்றும் ஒரு மருவின் வரலாறும்

தலைநகரில் மொழிபெயர்ப்பாளனாகப் பணிபுரியும் எனக்கு, அலுவலகக் கோப்புகளுக்கு அப்பாலும் மொழிபெயர்க்கும் கடமை நேர்வதுண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவர் தம் கழுத்தின் ஒரு புறத்தில் வலியில்லாத கட்டி ஒன்று தோன்றக் கண்டார். நெறி கட்டியிருக்கிறது, தானே வடிந்துவிடும் என்று மூன்று திங்கள் வாளாவிருந்தார். பின்னர் மருத்துவமனைக்குச் சென்றபோது, இந்தி அறியாத அவருடைய மனைவியாருக்குத் துணையாக நானும் உடன் சென்றேன். டான்சிலில் புற்றுநோய் என்றும், அதற்குக் காரணம் ஒரு வைரஸ் தொற்று என்றும் டாக்டர் கூறியதை நான் தமிழில் எடுத்துரைத்தேன்.

“அண்ணா, இவர் புகை பிடித்ததில்லை, வெற்றிலைகூடப் போட்டதில்லை. யாரிடமிருந்து தொற்றியது என்று கேளுங்கள்” என்றார் அந்த அம்மையார்.

அவ்வினாவை நான் இந்தியில் பெயர்த்துச் சொல்லவில்லை. ‘தொற்று’ என்னும் ஒரு சொல் ஓர் இல்லத்தில் எத்துணை ஐயத்தை விளைவிக்கக்கூடும் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். அவருக்கு விடை கூறும் பொருட்டு நான் தேடிக் கற்ற வரலாற்றையே இங்கு நேயர்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

தொண்டை என்று நாம் பொதுப்படச் சொல்லும் இடத்தில் பல பகுதிகள் அடங்கியுள்ளன. இங்கு நாம் கருதுவது வாயின் பின்புறத்தே அமைந்த பகுதியை. டான்சில்களும் நாவின் அடிப்பாகமும் அதில் சேர்ந்தவை. குரல்வளை வேறு, கன்னத்தின் உட்புறம் வேறு. இவ்விடங்கள் அனைத்திலும் தோன்றும் புற்றுக்குப் புகையிலையும் மதுவுமே காரணம் என்று மருத்துவ உலகம் நெடுங்காலம் கருதி வந்தது. அக்கருத்து பிழையன்று, ஆனால் முழுமையும் அன்று. இவ்விரு பழக்கமும் இல்லாதாரிடத்தும் இந்நோய் காணப்பட்டதே, அதன் குறையைப் புலப்படுத்திற்று.

மற்றொரு காரணத்தைக் கண்டறிந்த கதை, தொண்டையில் தொடங்கவில்லை. இத்தாலியின் வெரோனா நகரில் ரிகோனி-ஸ்டெர்ன் என்னும் மருத்துவர், 1760 முதல் 1839 வரையிலான இறப்புப் பதிவேடுகளை ஆராய்ந்து, 1842ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டார். கருப்பைப் புற்றுநோய் மணமான மாதரிடையே மிகுந்தும், கன்னிமாடத்துத் துறவியரிடையே மிகக் குறைந்தும் இருப்பதை அவர் கண்டார். இல்லற வாழ்வுக்கும் இந்நோய்க்கும் ஏதோ ஒரு தொடர்பு உண்டு என்பது மட்டும் தெரிந்தது. அது யாதென விளங்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

இதற்கிடையே, தோலில் முளைக்கும் மருவைப் பற்றிய ஆராய்ச்சி தனி வழியில் நடந்தது. 1907ஆம் ஆண்டில் சியூஃபோ என்னும் இத்தாலிய மருத்துவர், மருவை அரைத்து, பாக்டீரியாவும் புக முடியாத நுண்ணிய வடிகட்டியில் வடித்து, அந்நீரைத் தம் கையிலேயே செலுத்திக்கொண்டார். சில திங்களில் அங்கே மரு முளைத்தது. பாக்டீரியாவினும் சிறியதொரு கிருமியே மருவை உண்டாக்குகிறது என்பது இதனால் தெளிவாயிற்று. 1933இல் அமெரிக்க விஞ்ஞானி ரிச்சர்டு ஷோப், காட்டு முயல்களின் தோலில் கொம்பு போல் வளரும் மருக்களுக்கும் வைரஸே காரணம் என நிறுவினார். அடுத்த ஈராண்டுகளில் பேட்டன் ரௌஸ் என்பாரும் அவருடன் உழைத்தவர்களும், அம்மருக்கள் புற்றாக மாறக்கூடும் என்று காட்டினர். கோழிகளுக்கு வரும் ஒரு வகைப் புற்று வைரஸால் உண்டாவதை 1911ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தவர் இந்த ரௌஸ். அதற்குரிய நோபல் பரிசு 1966இல்தான், அவருடைய முதுமையில், அவரை வந்தடைந்தது.

மருவின் கதையையும் கருப்பைப் புற்றின் கதையையும் ஒன்றாக இணைத்தவர் ஜெர்மானியரான ஹரால்ட் சூர் ஹவுசன். 1970களில் ஆராய்ச்சியாளர் பலர், கருப்பைவாய்ப் புற்றுக்கு ஹெர்ப்பீஸ் வைரஸே காரணம் என்று நம்பினர். நோயுற்ற திசுக்களில் அவ்வைரஸின் மரபுப் பொருளைத் தேடிக் காணாத சூர் ஹவுசன், மருவை உண்டாக்கும் பாப்பிலோமா வைரஸின்மீது ஐயங்கொண்டார். பலர் அதனை ஏற்கவில்லை, அவரோ தளரவில்லை. அவரும் அவருடைய மாணாக்கர்களும் 1983இல் பதினாறாம் வகை வைரஸையும், 1984இல் பதினெட்டாம் வகையையும் புற்றுத் திசுக்களிலிருந்து பிரித்தெடுத்தனர். 2008இல் நோபல் பரிசு பெற்ற அவர், 2023இல் காலமானார்.

கருப்பை வாயை மூடிய மெல்லிய தோலும், தொண்டையை மூடிய தோலும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. எனவே ஓரிடத்தில் தீங்கு செய்யும் வைரஸ் மற்றோரிடத்திலும் செய்யாதோ என்னும் ஐயம் எழுவது இயல்பு. 1983இல் பின்லாந்தைச் சேர்ந்த சிர்யானென் தம்பதியரும் அவர்தம் குழுவினரும், வாய்ப் புற்றில் இவ்வைரஸின் அடையாளங்களைக் கண்டு எழுதினர். பின்னர் 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் மௌரா கில்லிசன் என்னும் பெண் மருத்துவரும் அவர்தம் குழுவினரும், தலை, கழுத்துப் பகுதிகளில் புற்று கண்ட 253 பேரின் திசுக்களைச் சோதித்தனர். அவருள் 62 பேரிடம் வைரஸ் காணப்பட்டது; அவற்றுள் பெரும்பாலானவை பதினாறாம் வகையே. தொண்டையில், சிறப்பாக டான்சிலில் தோன்றிய புற்றிலேயே அது மிகுந்திருந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, 2007இல் வெளியிட்ட நூலில் இத்தொடர்பை உறுதிப்படுத்தியது.

இவ்வைரஸ் செய்வது யாது? நம் உயிரணுக்கள் வரம்பு மீறிப் பெருகாதவாறு காக்கும் புரதங்கள் சில உள்ளன. வைரஸ் உண்டாக்கும் இ6, இ7 என்னும் இரு புரதங்கள் அக்காவலரைச் செயலறச் செய்கின்றன. காவல் நீங்கிய அணு, ஆண்டுகள் பல கடந்தபின் புற்றாக உருமாறக்கூடும். ஆயினும் இதில் ஓர் ஆறுதலும் உண்டு. 2010இல் வெளியான ஓர் ஆய்வில், முற்றிய நிலைத் தொண்டைப் புற்று கண்டோருள், வைரஸால் நோயுற்றவரில் நூற்றுக்கு 82 பேரும், ஏனையோரில் 57 பேரும் மூன்றாண்டுக்குப் பின்னும் உயிர் வாழ்ந்தனர்.

நம் நாட்டில் வாய், தொண்டைப் புற்றுகளுக்குப் புகையிலையே இன்றும் முதற்பெரும் பகை என்பதை மறத்தலாகாது. புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றை விளைவிப்பதே என்று மேற்சொன்ன முகமை 2004இல் வெளியிட்ட நூல் கூறுகிறது. வடபுலத்து வீதிகளில் குட்காவும் பான்மசாலாவும் மலிந்திருப்பதை நாம் அன்றாடம் காண்கிறோம். வைரஸின் கதையைக் கேட்டு அவற்றின் தீமையைச் சிறிதென எண்ணுதல் பேதைமை.

வைரஸைத் தடுக்க வழியும் பிறந்துள்ளது. 1991இல் ஆஸ்திரேலியாவில் இயன் ஃப்ரேசரும் சீனரான ஜியான் சோவும், உள்ளீடற்ற வைரஸ் கூட்டைச் செயற்கையாக அமைத்தனர். அதன் வழியே உருவான தடுப்பூசிக்கு 2006இல் அமெரிக்கா அனுமதி அளித்தது. 2020இல் தொண்டைப் புற்றுத் தடுப்பும் அதன் பயன்களுள் ஒன்றாக அங்கே சேர்க்கப்பட்டது. நம் நாட்டில் சிக்கிம் மாநிலம் 2018ஆம் ஆண்டிலேயே சிறுமியருக்கு இவ்வூசியைப் போட்டது. 2022இல் இந்தியாவிலேயே செய்த ஊசிக்கு அனுமதி கிடைத்தது. வைரஸ் புகுமுன், இளம் பருவத்தில் இட்டுக்கொண்டாலே இதன் பயன் மிகுதி; வந்துவிட்ட நோயை இது தீர்க்காது.

இவற்றையெல்லாம் கற்றபின் ஒருநாள் அந்த அம்மையாரைக் கண்டு பேசினேன். இவ்வைரஸ் நெருங்கிய உடலுறவால் பரவுவது. உலகில் மிகப் பலரை வாழ்நாளில் ஒரு முறையேனும் பற்றுவது. பெரும்பாலோரிடம் ஓரிரண்டு ஆண்டுகளில் தானே மறைந்துவிடும். ஒரு சிலரிடம் மட்டும் தங்கிப் பல்லாண்டுகளுக்குப் பின் புற்றாகும். எனவே எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்த மருத்துவராலும் கூற இயலாது. மணத்துக்கு முன் வந்ததாகவும் இருக்கலாம். இதனைக் கொண்டு ஒருவருடைய ஒழுக்கத்தை அளத்தல் முறையன்று. புற்றோ, உடன் உண்பதாலும் உறங்குவதாலும் பிறரைப் பற்றும் நோயன்று. இவ்வளவையும் நான் கூறக் கேட்ட அவர், “அன்றைக்கே இதைச் சொல்லியிருக்கக் கூடாதா, அண்ணா? இத்தனை நாள் அவருக்குத் தனித் தட்டல்லவா வைத்தேன்” என்றார். நான் விடை கூறவில்லை.

நண்பர் சிகிச்சை முடிந்து இன்று நலமாக இருக்கிறார். மூன்று திங்கள் காத்திருந்ததே தாம் செய்த பிழை என்பார். கழுத்தில் கட்டியோ, விழுங்குவதில் இடரோ, ஒரு புறத்துத் தொண்டை வலியோ காது வலியோ இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடிக்குமாயின், “எனக்குத்தான் தீய பழக்கம் ஏதுமில்லையே” என்று எவரும் இருந்துவிடலாகாது. ஊர் விட்டு வந்த நமக்கு அருகில் மூத்தோர் இல்லாதிருக்கலாம். டாக்டரின் மொழி புரியாதிருக்கலாம். மொழி தெரிந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டேனும் செல்ல வேண்டும். துணை செல்பவரும் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும்: சொல்லைப் பெயர்ப்பதோடு அவர் கடமை முடிவதில்லை, அச்சொல் கேட்டவர் மனத்தில் என்ன பொருளாய் நிற்கிறது என்பதையும் அவர் அறிந்துகொள்ள வேண்டும்.