மலைக்கு முன்னே ஒரு நிறுத்தம்



மலை ஏறப் போகிறவர்கள் மலையின் உயரத்தைப் பற்றிப் பேசுவார்கள். ஏறி இறங்கியவர்கள் உச்சியில் கண்ட காட்சியைப் பற்றிப் பேசுவார்கள். வண்டியை எங்கே நிறுத்தினோம் என்பதைப் பற்றிப் பேசுவோர் மிகக் குறைவு. ஆயினும், ஏறுகிறவரின் உயிர், காட்டின் நலம், அடிவாரத்து மக்களின் வாழ்வு ஆகிய மூன்றும் பெரும்பாலும் அந்த நிறுத்துமிடத்தைப் பொறுத்தே அமைகின்றன. தோட்ட நிலத்திலே எழுந்த ஒரு நிறுத்துமிடத்தின் வரலாற்றை இன்றைய உரையில் காண்போம்.

இந்த வரலாறு எங்கள் யான் வட்டாரத்துக்கும் தொடர்புடையதே. குனோங் ஜெராய் 1,217 மீட்டர் உயரமுள்ள மலை. பண்டைக் காலத்திலே கடலோடிகளுக்கு வழிகாட்டியாக விளங்கிய இம்மலையின் அடிவாரத்தில் தித்தி ஹாயுன், ஸ்ரீ பெரிகி போன்ற அருவிகள் இருக்கின்றன. குருண் பக்கத்திலிருந்து உச்சிக்குத் தார்ச்சாலையும் போகிறது. 2017ஆம் ஆண்டில் ஜெராய் தேசியப் புவிப்பூங்காவாக அறிவிக்கப்பட்டது. புகழ் கூடினால் மக்கள் கூடுவர். மக்கள் கூடினால் வண்டிகள் கூடும். அவ்வண்டிகள் நிற்க நிலம் வேண்டும். அந்த நிலம் காடாக இருக்கும். இல்லையேல் பழத்தோட்டமாகவோ ரப்பர்த் தோட்டமாகவோ செம்பனைத் தோட்டமாகவோ இருக்கும். வேறு நிலம் மலையடியில் ஏது?

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. பனி பெய்யும் நாடுகளிலே, நீண்ட பனிச்சறுக்குக் கட்டைகளைக் காலில் பூட்டிக்கொண்டு சமவெளியிலும் குன்றுகளிலும் பல மைல் நடக்கும் பழக்கம் உண்டு. நடை தொடங்கும் இடம் பல வேளைகளில் கால்நடைப் பண்ணையாரின் நிலத்தில் அமைகிறது. நார்வே நாடு 1957ஆம் ஆண்டில் இயற்றிய திறந்தவெளிச் சட்டம், பயிரிடாத நிலத்தில் எவரும் நடந்து செல்லலாம் என்கிறது. பயிர் நிலத்திலும் பனிக்காலத்தில், நிலம் உறைந்தோ பனி மூடியோ இருக்கும்போது, நடக்க இடம் தருகிறது. காரணம் எளிது. பனியின்மேல் நடந்த தடம் பனி உருகியதும் மறைந்துவிடும். ஆனால் வண்டி நின்ற நிலம் அப்படியன்று. மண் இறுகும், எண்ணெய் சொட்டும், குப்பை சேரும். ஆகவே, நடக்க விடுவது ஒன்று, நிறுத்த விடுவது வேறொன்று என்பதை முதலில் மனத்திற் கொள்வோம்.

இனி, நம்மவர் நன்கறிந்த ஓரிடத்துக்கு வருவோம். மலேசியாவிலிருந்தும் ஆண்டுதோறும் மாலை போட்டு, இருமுடி கட்டிச் சபரிமலைக்குச் செல்வோர் பலர். அவர்களிடம் நிலக்கல் என்று சொன்னால், "அங்கேதானே பஸ் மாறினோம்" என்பார்கள். அந்த நிலக்கல் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம்.

சபரிமலைக் கோயில் கேரள மாநிலம் பத்தனம்திட்டா மாவட்டத்தில் இருக்கிறது. அதைச் சூழ்ந்த காடு பெரியாறு புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. முற்காலத்தில் எருமேலியிலிருந்து அழுதை, கரிமலை வழியாக, காட்டுப் பாதையில் நாட்கணக்கில் நடந்தே மக்கள் போனார்கள். 1950ஆம் ஆண்டில் கோயில் தீக்கிரையாயிற்று. மறுபடியும் கட்டப்பட்டு, 1951இல் புதிய பஞ்சலோகத் திருமேனி நிறுவப்பட்டது. மதுரையைச் சேர்ந்த பி. டி. ராஜன் அவர்களும், நாடகக் கலைஞர் நவாப் இராஜமாணிக்கம் அவர்களும் இந்தத் திருப்பணியோடு தொடர்புடையவர்கள். நவாப் இராஜமாணிக்கம் நடத்திய ஐயப்பன் நாடகம் தமிழ்நாட்டின் ஊர்தோறும் அவ்வழிபாட்டைப் பரப்பியது. அடுத்த சில பத்தாண்டுகளில் பம்பை ஆற்றங்கரை வரைக்கும் மோட்டார் சாலை வந்துவிட்டது. நாட்கணக்கில் நடந்த பயணம், பம்பையிலிருந்து ஏறும் சுமார் 5 கிலோமீட்டர் நடையாகச் சுருங்கிற்று.

இங்கேதான் கவனிக்க வேண்டும். நடந்து வருகிறவன் தன் உடம்பை மட்டுமே கொண்டுவருகிறான். பஸ்ஸில் வருகிறவன் பஸ்ஸையும் கொண்டுவருகிறான். அவன் மலையேறித் திரும்பும்வரை பல மணி நேரம் அந்தப் பஸ் எங்கேயாவது நின்றாக வேண்டும். பம்பையோ இரு சரிவுகளுக்கு இடையே ஆறு ஓடும் ஒடுங்கிய பள்ளத்தாக்கு. கார்த்திகை முதல் நாளிலிருந்து தை மாதத் தொடக்கத்து மகரவிளக்கு வரையில் இலட்சக்கணக்கானோர் வருகிறார்கள். அத்தனை பேரின் வண்டிகளையும் ஆற்றோரத்திலும் மலைச்சரிவிலும் நிறுத்தினால் என்ன ஆகும்?

1999ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள், மகரஜோதி தரிசனத்தின்போது பம்பையில் ஒரு சரிவிலே கூடியிருந்த கூட்டம் நெரிசலில் சிக்கி, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2011ஆம் ஆண்டு அதே ஜனவரி 14ஆம் நாள் இரவு, வண்டிப்பெரியாறு பக்கத்துப் பாதையிலுள்ள புல்மேட்டில் மற்றொரு நெரிசல். நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் தமிழ்நாட்டு யாத்திரிகர்களும் பலர். குறுகிய காட்டு வழி, இருட்டு, வழியிலே நிறுத்தப்பட்ட வண்டிகள், கடைகள், வழியை மறித்த சங்கிலி ஆகியவையெல்லாம் அதன்பின் காரணங்களாகப் பேசப்பட்டன. தரிசனம் முடிந்து, கூட்டம் தன் வண்டியை நோக்கித் திரும்பிய வேளையில் நேர்ந்த துயரம் அது. மக்கள் வரும் நேரம் பிரிந்து பிரிந்து அமையும். திரும்பும் நேரமோ ஒன்றாகவே அமையும். நிறுத்துமிடம் திட்டமிடுவோர் வரும் வழியைவிடத் திரும்பும் வழியைத்தான் முதலில் அகலமாக வரைய வேண்டும் என்பது, இத்தனை உயிர்களைக் கொடுத்து மனிதர் கற்ற பாடம்.

பம்பைக்கு இருபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில் இருப்பது நிலக்கல். பாண்டிய நாட்டிலிருந்து மலைத்தொடரைக் கடந்துவந்த பழைய வாணிப வழியில் இருந்த ஊர் அது என்பது மரபு. அங்கே தொன்மையான மகாதேவர் கோயில் ஒன்று உண்டு. புனித தோமையாரோடு தொடர்புபடுத்தும் கிறிஸ்தவ மரபும் அவ்வூருக்கு உண்டு. காலப்போக்கில் ஊர் அழிந்து காடாயிற்று. பின்பு அந்த நிலம் அரசாங்கப் பண்ணைக் கழகத்தின் ரப்பர்த் தோட்டமாயிற்று. 1983இல் அங்கே கற்சிலுவை கிடைத்ததாகச் செய்தி பரவி, இரு சமயத்தாரிடையே பெரும் தகராறு மூண்டது. முடிவில் பேச்சுவார்த்தையின் மூலம், கோயிலுக்குச் சற்று விலகிய இடத்தில் 1984இல் கிறிஸ்தவ சபைகளுக்குப் பொதுவான தேவாலயம் எழுந்தது. வெறும் பால்மரக் காடு என்று பார்ப்பவருக்குத் தோன்றிய நிலத்தின் அடியில் எத்தனை பேருடைய நினைவு கிடந்தது, பாருங்கள்!

2005ஆம் ஆண்டில் அந்தத் தோட்டத்தில் சுமார் 110 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 270 ஏக்கர் நிலம், யாத்திரிகர்களின் அடிவார முகாமுக்கென்று திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டுக்கு ஒதுக்கப்பட்டது. 2007இல் ஏற்கப்பட்ட சபரிமலைப் பெருந்திட்டமும், பம்பையின் சுமையைக் குறைத்து நிலக்கல்லை முக்கிய நிறுத்துமிடமாக்க வேண்டும் என்றது. புலிக்காட்டை மேலும் வெட்டாமல், ஏற்கெனவே மனிதர் பயிரிட்ட தோட்டத்தைப் பயன்படுத்துவது அறிவுடைய ஏற்பாடே. ஆனாலும் வசதி பெரிதாகத் தோன்றும்வரை மக்கள் பழைய இடத்தை விடமாட்டார்கள். பெரும்பாலோர் பம்பை வரை வண்டியிலேயே போய்வந்தார்கள்.

முடிவில் ஆறுதான் தீர்ப்புச் சொல்லிற்று. 2018ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதப் பெருவெள்ளத்தில் பம்பை பொங்கி, திரிவேணியிலிருந்த கட்டடங்களையும் கழிப்பிடங்களையும் நிறுத்துமிடங்களையும் மணலால் மூடிவிட்டது. அந்த ஆண்டின் யாத்திரைக் காலத்திலிருந்து தனியார் வண்டிகள் நிலக்கல்லில் நின்றன. அங்கிருந்து பம்பைக்கு அரசாங்கப் பஸ்கள் மாறி மாறி ஓடின. சிறிய வண்டிகளுக்குப் பின்னர் சில தளர்வுகள் வந்தாலும், நிலக்கல்லே இன்று சபரிமலையின் வாசல்.

இதைக் கேட்கும் யான் மக்களுக்கு மற்றொரு ஆகஸ்ட் மாதம் நினைவுக்கு வந்திருக்கும். 2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18ஆம் நாள் ஜெராய் மலையிலிருந்து பாய்ந்த வெள்ளம், பாறைகளையும் முழு மரங்களையும் உருட்டிக்கொண்டு இறங்கிற்று. உயிர்கள் போயின, வீடுகள் சிதைந்தன, தித்தி ஹாயுன் பகுதி உருமாறிப்போயிற்று. பம்பைக்கும் யானுக்கும் இடையே ஒரு கடல் இருந்தாலும், மலை சொல்லும் செய்தி ஒன்றே. ஆற்றின் ஓரத்துச் சமநிலம் வண்டி நிறுத்த அழகாகத் தோன்றும். அதைச் சமமாக்கியது யார்? அந்த ஆறுதான். தான் பரப்பிய நிலத்தை அது மறுபடியும் கேட்டு வரும். ஆகவே, நிறுத்துமிடம் ஆற்றை விட்டு விலகி, மேட்டு நிலத்தில் அமைய வேண்டும். நடை சற்றுக் கூடினாலும் குற்றமில்லை.

மாணவர்களே, இப்போது சிறிது கணக்குப் போடுவோம். ஒரு கார் நிற்கவும், திரும்பி வெளியேறவும் சுமார் 25 சதுர மீட்டர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். மரமும் கானும் இல்லாமல் முழுவதையும் கொடுத்தால் 400 கார்கள் நிற்கும். காருக்கு ஐந்து பேர் என்றால் 2,000 பேர். அந்த 2,000 பேருக்கும் குடிநீர் எங்கே? கழிப்பிடம் எங்கே? கழிவுநீர் எந்த ஓடைக்குப் போகும்? நிலக்கல்லில் நிலம் தாராளமாகக் கிடைத்தும், தண்ணீரை லாரிகளில் கொண்டுவரும் நிலை பல ஆண்டுகள் இருந்தது. வண்டிக்கு நிலம் தேடுவோர் மனிதனுக்குத் தண்ணீரைத் தேடாவிட்டால் திட்டம் பாதியிலேயே நிற்கும்.

மற்றொன்று மண். ரப்பர் மரங்களை அழித்து வெறும் தரையாக்கினால், முதல் பெருமழையிலேயே செம்மண் கரைந்து ஓடையில் இறங்கும். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சரிவிலே படிவரிசை வெட்டுவது, கான் எடுப்பது, மண் அடைபடக் குழி தோண்டுவது, மரத்தடியில் மூடுபயிர் வளர்ப்பது ஆகியவற்றையெல்லாம் நம் பாட்டன் பாட்டிகள் கூலிக்குச் செய்தவர்கள். நிறுத்துமிடத்துக்கும் அதே முறைகள்தாம் வேண்டும். இரண்டு வரிசை வண்டிக்கு ஒரு வரிசை மரத்தை விட்டுவைத்தால் நிழலும் கிடைக்கும், மண்ணும் நிற்கும்.

நிலத்தின் பழமையை மறந்துவிடலாகாது. நம் பூஜாங் பள்ளத்தாக்கில், சுங்கை பத்து தோட்டத்திலிருந்த பழைய சண்டி ஒன்று, 2013ஆம் ஆண்டில் வீடமைப்புக்காக நிலத்தைச் சமன் செய்தபோது இடித்துத் தள்ளப்பட்டது. ஆயிரம் ஆண்டுச் சின்னம் மண்வாரி இயந்திரத்துக்கு ஒருநாள் வேலையாயிற்று. தனியார் பட்டா நிலத்தில் இருந்ததும், தக்க பாதுகாப்பு இல்லாததும் அதற்குக் காரணங்களாயின. ஆகவே, தோட்ட நிலத்தில் எதை அமைப்பதானாலும் முதலில் நடந்து பார்த்து, சண்டி எங்கே, சுடுகாடு எங்கே, முனியாண்டி கோயில் எங்கே, பழைய கிணறு எங்கே என்று குறித்துக்கொள்ள வேண்டும். வரைபடத்தில் ஏறாதது இயந்திரத்தின் கண்ணுக்குத் தெரியாது.

கடைசியாக, அந்த நிலத்தில் வாழும் மனிதர்கள். நிலம் எடுக்கப்பட்டால் உடைமையாளருக்கு இழப்பீடு கிடைக்கும். மூன்று தலைமுறையாக லயத்தில் குடியிருந்தவரின் கையில் பட்டா இல்லை. மலைக்கு வருகிறவர்கள் பெருகினால் கடை வைக்கலாம், வழிகாட்டலாம், வண்டிகளைக் காவல் காக்கலாம். பிழைப்புக்கு வழி உண்டு. ஆனால் அந்த வாய்ப்பு அடிவாரத்துக் குடும்பங்களுக்கு வருமா, வெளியூர்க் குத்தகைக்காரருக்குப் போகுமா என்பது, திட்டம் தாளில் இருக்கும்போதே முடிவாகிவிடுகிறது.

நம் நாட்டில் 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டச் சட்டம் இருக்கிறது. 172ஆம் சட்டம் என்று அதைச் சொல்வார்கள். அதன்படி ஒரு வட்டாரத்தின் உள்ளூர்த் திட்ட நகல் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். குறிப்பிட்ட காலத்துக்குள் எவரும் எழுத்து மூலம் தம் கருத்தையும் மறுப்பையும் தெரிவிக்கலாம். அந்தத் தாள் ஊராட்சி அலுவலகத்தில் தொங்கும்போது நம்மவரில் எத்தனை பேர் போய்ப் பார்க்கிறோம்? பிள்ளைகள் பள்ளியில் மலாய் படிக்கிறார்கள். வரைபடம் பார்க்கவும் கற்றிருக்கிறார்கள். பெற்றோர் அவர்களை அழைத்துச் சென்று, நம் லயம் எது, நம் கோயில் எது, நம் ஆறு எது என்று அந்தத் தாளிலே தேடிப் பார்க்க வேண்டும். இல்லையென்றால், இருக்கிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

நிலக்கல் ஒரு வாசல் ஆவதற்கு முன்னால் இரண்டு நெரிசல்களும் ஒரு வெள்ளமும் வேண்டியிருந்தன. ஜெராய் மலையின் வாசல்கள் இன்னும் முழுதாக அமைந்துவிடவில்லை. இங்கே உயிரைக் கொடுத்துக் கற்க வேண்டிய தேவை இல்லை. எழுதிக் கொடுக்க ஒரு தாளும், எண்ணிப் பார்க்க ஒரு மாலைப் பொழுதும் போதும்.