பழைய காரை விட்டுப் புதிய காருக்கு

மக்கள் நாள்தோறும் கையாளும் பொருள்களுட் சில, பழுதானதும் எளிதில் மாற்றப்படுகின்றன. வேறு சிலவோ, மாற்றவேண்டிய காலம் வரும்போது உடையவரின் மனத்தை வருத்துகின்றன. ஸ்போர்ட்ஸ் கார் எனப்படும் விரைவுக் கார் இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்தது. குடும்பத்தை ஏற்றிச் செல்வதற்கோ சுமை கொண்டு செல்வதற்கோ அன்றி, ஓட்டும் இன்பத்துக்காகவே அது வாங்கப்படுகின்றது. அதன் இயந்திர ஒலியும், வளைவிலே அது திரும்பும் முறையும், கியர் மாற்றும்போது கை உணரும் உணர்ச்சியும் ஓட்டுபவருக்குப் பழகிய நண்பனின் குணங்கள் போல ஆகிவிடுகின்றன. அத்தகைய காரைச் செய்பவர்கள், பழையதை நிறுத்திவிட்டு அதனினும் விலை கூடிய புதியதொன்றை முன்வைக்கும் நாளில், பழைய அன்பர்களை உடன் அழைத்துச் செல்வது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை தரும் வரலாறுகளுள் ஒன்று, ஜேர்மனியின் போர்ஷே நிறுவனம் 356 என்னும் காரிலிருந்து 911 என்னும் காருக்கு மாறிய வரலாறாகும்.

356 போரின் அழிவுக்கிடையே பிறந்த கார். குண்டுவீச்சுக்குத் தப்பும்பொருட்டு, போர்ஷே நிறுவனம் 1944 ஆம் ஆண்டில் ஸ்ருட்காட் நகரை விட்டு, ஒஸ்திரியாவிலுள்ள குமுண்ட் என்னும் சிற்றூருக்குப் பெயர்ந்தது. அங்கே மரம் அரியும் ஆலையொன்றே அதன் தொழிற்சாலையாயிற்று. வொல்க்ஸ்வாகன் காரை வகுத்தவரும் நிறுவனத்தின் தலைவருமான பேர்டினண்ட் போர்ஷே, போர் முடிந்தபின் பிரான்சிலே சிறைவைக்கப்பட்டார். பொறுப்பு மகன் பெரி போர்ஷேயின் தோளில் வீழ்ந்தது. 1948 ஆம் ஆண்டு யூன் மாதம் 8 ஆந் திகதி, போர்ஷே என்னும் பெயர் தாங்கிய முதற் கார் வீதியில் ஓடுவதற்கு அனுமதி பெற்றது. அதன் இயந்திரமும் பெரும்பாலான உறுப்புகளும் வொல்க்ஸ்வாகனிலிருந்து எடுக்கப்பட்டவை. இயந்திரத்தின் கொள்ளளவு 1,131 கன சென்ரிமீற்றர். முதற் காரிலே அவ்வியந்திரம் பின்னச்சுக்கு முன்னாக அமைந்திருந்தது. அடுத்து வந்த கார்களில் அஃது அச்சுக்குப் பின்னே சென்றது. பின்புற இயந்திரம், காற்றினாற் குளிரூட்டும் முறை, ஒன்றையொன்று எதிர்நோக்கிக் கிடையாகக் கிடக்கும் சிலிண்டர்கள் ஆகிய மூன்றும் அன்று தொடக்கம் போர்ஷேயின் அடையாளங்களாயின.

குமுண்டிலே ஐம்பதளவான கார்களே செய்யப்பட்டன. 1950 ஆம் ஆண்டில் நிறுவனம் ஸ்ருட்காட்டுக்கு மீண்டு, றொய்ற்றர் என்னும் கார் உடலகம் செய்யும் நிறுவனத்தின் கட்டடத்தில் ஒரு பகுதியை வாடகைக்குப் பெற்றுத் தொழிலைத் தொடர்ந்தது. 1951 இல் லெமான் நகரிலே நடந்த 24 மணித்தியாலப் போட்டியில் அச்சிறு கார் தன் வகுப்பிலே முதலிடம் பெற்றது. அதன் புகழ் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவலாயிற்று.

காரை வாங்குவோர் எதனை வேண்டுவர், எதனை விட்டுக்கொடுப்பர் என்னும் பாடத்தை நிறுவனத்துக்கு முதலிற் புகட்டியவர், நியூயோர்க்கிலே இறக்குமதி வணிகம் நடத்திய மக்ஸ் ஹொப்மன் என்பவர். அமெரிக்காவின் இளைஞர்க்கு 356 விலை கூடியது என்று கண்ட அவர், ஆடம்பரங்களைக் களைந்த திறந்த காரொன்று வேண்டுமென வற்புறுத்தினார். அதன்படி 1954 இலே தோன்றியது ஸ்பீட்ஸ்டர். முகக் கண்ணாடி தாழ்ந்தது; கதவுக் கண்ணாடிகளுக்குப் பதிலாகக் கழற்றி வைக்கத்தக்க பக்கத் திரைகள் வந்தன; மேற்கூரை மெல்லிய துணியாயிற்று. விலை 3,000 டொலருக்குச் சற்றே குறைவு. குறைத்தலும் ஒரு தெரிவே என்பதை அக்கார் காட்டிற்று. மழையில் நனைவதைப் பொருட்படுத்தாதவர் அதனை விரும்பி வாங்கினர். பொருட்படுத்தியவர் மூடிய காரையே நாடினர். உயிராகிய இயந்திரம் ஒன்று, உடல்கள் பல என்னும் கொள்கை இங்ஙனம் உருப்பெற்றது.

ஆயினும் ஐம்பதுகளின் இறுதியிலே 356 தன் எல்லையை அடைந்துவிட்டது. நான்கு சிலிண்டர் இயந்திரத்திலிருந்து மேலும் வலுவைப் பெற முயன்றால், அது சிக்கலும் செலவும் மிக்கதாயிற்று. வேகம் கூடக்கூட ஒலியும் அதிர்வும் கூடின. முன்புறத்திலே பெற்றோல் தாங்கியும் மேலதிகச் சில்லும் இடத்தை அடைத்துக்கொண்டமையாற் பயணப் பெட்டி வைப்பது கடினம். புதிய காரொன்று வேண்டும் என்பதில் ஐயமிருக்கவில்லை. எத்தகைய கார் என்பதிலேதான் கருத்துவேறுபாடு எழுந்தது.

உடலக வடிவமைப்பின் தலைவரான எர்வின் கொமெண்டா அனுபவம் முதிர்ந்தவர். வொல்க்ஸ்வாகன் வடிவத்திலும் 356 இன் வடிவத்திலும் பங்கு கொண்டவர். நால்வர் வசதியாக அமரத்தக்க பெரிய காரை நோக்கி அவருடைய வரைபுகள் விரிந்து சென்றன. பெரி போர்ஷேயின் எண்ணம் வேறு. இருவர் அமரவும், பின்னே சிறுவர் இருவர் ஒடுங்கி இருக்கவும் இடமிருந்தாற் போதும். அதற்கு மேற்பட்டது பெரிய நிறுவனங்களின் துறை என்பது அவர் துணிபு. அவர் மகன் பேர்டினண்ட் அலெக்சாண்டர் போர்ஷே வரைந்த வடிவம் அவ்வெல்லைக்குள் அடங்கி நின்றது. ஈற்றில் அதுவே ஏற்கப்பட்டது. குடும்ப உறவைக் காட்டிலும், நிறுவனம் தன் அளவை அறிந்து நின்றமையே இம்முடிவிற் கருதத்தக்கது.

1963 ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் பிராங்பேர்ட் கண்காட்சியிலே புதிய கார் 901 என்னும் பெயருடன் வைக்கப்பட்டது. 1,991 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் 130 குதிரைவலுவும் கொண்ட ஆறு சிலிண்டர் இயந்திரம் அதன் பின்புறத்திலே காற்றினாற் குளிர்ந்து இயங்கிற்று. முன்சில்லுகளைத் தாங்கும் அமைப்பு மாற்றப்பட்டதனாற் பயணப் பெட்டிக்கும் இடம் கிடைத்தது. 1964 இலே உற்பத்தி தொடங்கியபின் ஒரு தடை எழுந்தது. நடுவிலே சுழியம் உடைய மூவிலக்கப் பெயர்கள் பிரான்சிலே தமக்கே உரியவை எனப் பேஜோ நிறுவனம் உரிமை கோரிற்று. போர்ஷே வழக்கை வளர்க்கவில்லை. சுழியத்தை ஒன்றாக மாற்றிற்று. உலகறிந்த 911 என்னும் பெயர் இவ்வாறு பிறந்தது.

பெயர்ச் சிக்கல் எளிதில் தீர்ந்தது; விலைச் சிக்கல் தீரவில்லை. 356 இன் மூடிய கார் ஏறத்தாழ 15,000 மார்க்கு. 911 இன் விலையோ 21,900 மார்க்கு. பழைய வாடிக்கையாளர் பலர் புதிய காரைக் கண்டு வியந்தனர். விலையைக் கேட்டுத் திகைத்தனர். பழையதை உடனே நிறுத்தினால் அவர்கள் வேறு நிறுவனங்களை நாடுவர். நிறுத்தாது வைத்திருந்தால் சிறிய தொழிற்சாலை இரு சுமையையும் தாங்காது. சிலகாலம் இரு கார்களும் அருகருகே செய்யப்பட்டன. 1965 இலே 356 இன் வழக்கமான உற்பத்தி முடிவுற்றது.

அவ்வாண்டிலேயே நிறுவனம் ஒரு பாலத்தை அமைத்தது. புதிய காரின் உடலகத்துள் பழைய காரின் நான்கு சிலிண்டர் இயந்திரத்தைச் சிறிது அடக்கி, 90 குதிரைவலுவுடன் வைத்தனர். அதற்கு 912 எனப் பெயரிட்டு, 16,250 மார்க்கு என விலை குறித்தனர். 911 இல் ஐந்து கியர்கள் உண்டு. 912 வாங்குவோர் நான்கு கியர்களுடன் அமைந்துகொள்ளலாம், வேண்டுமாயின் மேலதிகப் பணம் கொடுத்து ஐந்தாகப் பெறலாம். 911 இன் முகப்பிலே ஐந்து அளவுமானிகள் இருந்தன. 912 இலே மூன்று, விரும்பினோர்க்கு ஐந்து. பழைய இயந்திரத்தின் ஒலியில் மனம் ஒன்றியவர் அதனையே கேட்டுக்கொண்டு புதிய உடலகத்துக்குட் புகலாம். முதலாண்டுகளில் 911 ஐ விட 912 ஏ கூடுதலாக விற்பனையாயிற்று. 1969 வரை ஏறத்தாழ 30,000 கார்கள் செய்யப்பட்டன. புதுமை முழுவதையும் ஒரே நாளில் விழுங்குமாறு வாடிக்கையாளரைக் கட்டாயப்படுத்தாது, அவரவர் பணப்பைக்கும் மனத்துக்கும் ஏற்ற அளவிலே பகிர்ந்தளித்தமைதான் அவ்வெற்றியின் காரணம்.

இதன்பின் வந்த தெரிவுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குறையை அல்லது அச்சத்தைத் தீர்க்கப் பிறந்தவை. திறந்த கார் கவிழ்ந்தால் உயிருக்கு ஆபத்து. அமெரிக்காவிலே பாதுகாப்பு விதிகள் கடுமையாகும் என்ற பேச்சும் எழுந்தது. ஆகவே இருக்கைகளுக்குப் பின்னே வலிய உலோக வளைவொன்றை நிறுத்தி, அதன் முன்னுள்ள கூரையைக் கழற்றத்தக்கதாக அமைத்தனர். சிசிலித் தீவின் தார்கா புளோரியோ என்னும் போட்டியை நினைவூட்டும் வகையில் 1965 இல் அதற்குத் தார்கா எனப் பெயரிட்டனர். நெடுஞ்சாலைக் காவலுக்குத் திறந்த 356 கார்களைப் பயன்படுத்திய நெதர்லாந்துப் பொலிசார், 1966 இலே கடைசிப் பத்துக் கார்களையும் பெற்றபின், தார்கா கார்களுக்கே மாறினர். நின்று சைகை காட்டுவதற்கும் நாற்புறமும் நோக்குவதற்கும் திறந்த கூரை அவர்களுக்கு வேண்டியிருந்தது.

கிளச்சு மிதிப்பதை விரும்பாதோர்க்கு 1967 இலே ஸ்போட்டோமாற்றிக் என்னும் அமைப்பு விருப்பத் தெரிவாகக் கிடைத்தது. அதிலே கிளச்சு மிதி இல்லை. ஓட்டுபவரின் கை கியர்த் தண்டைப் பற்றியதும் மின்தொடர்பு ஏற்பட்டு, இயந்திரத்தின் வெற்றிட இழுவிசையாற் கிளச்சு தானே விலகும். கையை எடுத்ததும் மீளப் பொருந்தும். கூடிய வலுவை நாடியவர்க்கு 1966 இல் 160 குதிரைவலு கொண்ட 911 எஸ், இலேசான உலோகச் சில்லுகளுடன் வந்தது. சிக்கனத்தை நாடியவர்க்கு 1967 இல் 110 குதிரைவலு கொண்ட 911 ரி வந்தது. ஒரே காரைச் சுற்றி இத்தனை வாயில்கள் திறந்திருந்தன.

எனினும் எப்பட்டியலிலும் விலைகொடுத்து வாங்க முடியாத ஒரு குறை இருந்தது. கனமான இயந்திரம் பின்னச்சுக்கு அப்பால் இருந்தமையால், வளைவிலே விரைந்து செல்லும் ஓட்டுநர் அஞ்சித் திடீரென வேகத்தைக் குறைத்தால், காரின் வால் வெளியே வீசப்பட்டது. முதலிலே இதனைச் சமாளிக்கும் பொருட்டு, முன் தடுப்பின் இரு மூலைகளிலும் 11 கிலோகிராம் வீதம் இரும்புப் பாரங்களை ஒளித்துவைத்தனர். வலுவுக்காக இலேசாக்கப்படும் ஸ்போர்ட்ஸ் காரிலே வேண்டுமென்றே சுமை ஏற்றுவது ஒரு தற்காலிக மருந்தே. உண்மையான பரிகாரம் 1968 இலே வந்தது. இயந்திரத்தை அசைக்காது, பின்சில்லுகளை 57 மில்லிமீற்றர் பின்னே நகர்த்தினர். ஒரு பற்றரிக்குப் பதிலாக இரண்டை முன்புறத்தின் இரு பக்கங்களிலும் வைத்தனர். பாரம் சமநிலையை நெருங்கியது, காரும் அடங்கிற்று.

புதியது எதுவாயினும் வாடிக்கையாளர் வருவர் என்று எண்ணலாகாது என்பதைப் பின்வந்த நிகழ்ச்சி உணர்த்திற்று. எழுபதுகளிலே 911 முதுமை எய்திவிட்டதெனக் கருதிய நிறுவனம், 1977 இல் 928 என்னும் காரை வெளியிட்டது. முன்புறத்திலே நீரினாற் குளிரும் எட்டுச் சிலிண்டர் இயந்திரம். அமைதியும் ஆடம்பரமும் மிக்க ஓட்டம். 1978 க்குரிய ஐரோப்பாவின் சிறந்த கார் என்னும் விருதையும் அது பெற்றது. கலைநலத்திலும் பொறித்திறனிலும் குறையற்ற கார்தான். ஆயினும் 911 ஐ உடையவர்கள் பெருந்தொகையாக அதற்கு மாறவில்லை. பழையதன் பண்பு எதனையும் அது தன்னுடன் கொண்டுவரவில்லை. 912 போன்ற பாலமும் அவ்விடத்தில் அமையவில்லை. 1981 இலே தலைமைப் பொறுப்பேற்ற பீற்றர் சூற்ஸ், 911 ஐ நிறுத்தும் எண்ணத்தைக் கைவிட்டு, அதன் வளர்ச்சிக்கே வழிகோலினார். 928 ஓ 1995 இலே மறைந்தது.

தொண்ணூறுகளின் இறுதியிலே 911 இன் இயந்திரத்தையும் நீரினாற் குளிரூட்டவேண்டிய கட்டாயம் நேர்ந்தது. கடைசிக் காற்றுக்குளிர் கார் 1998 இலே தொழிற்சாலையை விட்டு வெளிவந்தது. பழைய அன்பர் பலர் வருந்தினர். ஆயினும் ஆறு சிலிண்டர்களும் பின்புற இயந்திரமும் சரிந்து இறங்கும் முதுகும் மாறாதிருந்தன. ஆதலால் அவர்களுட் பெரும்பாலோர் ஈற்றில் உடன் வந்தனர். 2017 ஆம் ஆண்டு மே மாதம் பத்து இலட்சமாவது 911 செய்து முடிக்கப்பட்டது.

மாற்றத்தை மனிதர் வெறுக்கின்றனர் என்பது பொதுவான கூற்று. இவ்வரலாறு அதனை முற்றாக ஏற்கவில்லை. தாம் நேசித்த பண்பு அழியாது என்ற உறுதியும், எவ்வளவு மாறுவது என்பதைத் தாமே தெரிவு செய்யும் உரிமையும் கிடைத்தபோது, 356 ஐ உடையவர்கள் விலையுயர்ந்த புதிய காருக்கு விருப்பத்துடனேயே மாறினர். அவ்விரண்டும் கிடைக்காதபோது, விருது பெற்ற காரையும் மறுத்தனர். பழையதை விட்டுப் புதியதைப் படைப்போர் எத்துறையினராயினும், எதனை மாற்றுவது என்று சிந்திக்கும் முன்னர் எதனை மாற்றலாகாது என்று தெளிதல் வேண்டும். ஸ்ருட்காட்டின் அச்சிறு தொழிற்சாலை அதனை ஒருமுறை வெற்றியாலும் ஒருமுறை தோல்வியாலும் கற்றுக்கொண்டது.