பச்சைச் சுவர்த்தாளும் ஆர்செனிக்கும்

வால்பேப்பர் எனப்படும் சுவர்த்தாள், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய, அமெரிக்க வீடுகளின் முதன்மையான அலங்காரப் பொருளாக விளங்கியது. அதில் மிகவும் விரும்பப்பட்ட நிறங்களில் ஒன்று பளிச்சென்ற பச்சை. அந்தப் பச்சை ஆர்செனிக் என்னும் நச்சுப்பொருளைக் கொண்டு தயாரிக்கப்பட்டது. நாட்டு வழக்கில் வெள்ளைப் பாஷாணம் எனப்படுவதும் ஆர்செனிக்கின் சேர்மமே.

நிறமியின் தோற்றம்

தாவரச் சாயங்களால் கிடைத்த பச்சை விரைவில் வெளிறிவிடும். மஞ்சளையும் நீலத்தையும் கலந்து பெற்ற பச்சை மங்கலாக இருந்தது. 1775இல் சுவீடனைச் சேர்ந்த வேதியியலாளர் கார்ல் வில்லெம் ஷீல, செம்பையும் ஆர்செனிக்கையும் சேர்த்து ஒரு புதிய பச்சை நிறமியை உருவாக்கினார். அது 'ஷீலப் பச்சை' எனப் பெயர் பெற்றது. 1814இல் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபர்ட் நகரில் இதைவிடப் பொலிவும் உறுதியும் மிக்க 'மரகதப் பச்சை' தயாரிக்கப்பட்டது. இதிலும் ஆர்செனிக் இருந்தது.

வீடுகளில் பரவுதல்

இங்கிலாந்தில் 1712 முதல் சுவர்த்தாளுக்கு வரி விதிக்கப்பட்டிருந்தது. 1836இல் அவ்வரி நீக்கப்பட்டது. அதையடுத்து இயந்திர அச்சும் வளர, செல்வர் வீட்டுப் பொருளாக இருந்த சுவர்த்தாள் நடுத்தர மக்களுக்கும் தொழிலாளர்களுக்கும் எட்டியது. கார்ன்வால், டெவன் பகுதிகளின் செம்பு, வெள்ளீயச் சுரங்கங்களில் உபபொருளாகக் கிடைத்ததால் ஆர்செனிக்கும் மலிவாக இருந்தது. மெழுகுவத்தி, எரிவாயு விளக்கின் மங்கிய ஒளியிலும் எடுப்பாகத் தெரிந்த பச்சை, வரவேற்பறை முதல் குழந்தைகள் அறை வரை இடம்பிடித்தது.

எச்சரிக்கையும் ஐயமும்

1839இலேயே ஜெர்மன் வேதியியலாளர் லியோபோல்ட் க்மெலின் இதுபற்றி எச்சரித்தார். பச்சைத் தாள் ஒட்டிய ஈரமான அறைகளில் எலி நாற்றம் போன்ற ஒரு வாடை வீசுவதை அவர் சுட்டிக்காட்டினார். 1862இல் லண்டனின் லைம்ஹவுஸ் பகுதியில் ஒரே குடும்பத்தின் நான்கு குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தனர். முதலில் அது தொண்டை அடைப்பான் நோய் என்று கருதப்பட்டது. ஆனால் மருத்துவர் தாமஸ் ஆர்ட்டன் அவ்வீட்டின் பச்சைச் சுவர்த்தாளையே ஐயுற்றார். ஒரு குழந்தையின் உடலை ஆய்ந்த வேதியியலாளர் ஹென்றி லெத்தபி அதில் ஆர்செனிக் இருப்பதைக் கண்டார்.

எனினும் பலர் நம்பவில்லை. இதற்குக் காரணங்கள் இருந்தன. அதே பச்சை அறைகளில் நோயின்றி வாழ்ந்தோரும் பலர். தொண்டைப்புண், வயிற்றுவலி, பேதி போன்ற அறிகுறிகள் வேறு நோய்களுக்கும் உரியவை. சுவரில் ஒட்டிய நஞ்சு உடலுக்குள் எவ்வாறு செல்லும் என்பதும் விளங்கவில்லை.

புகழ்பெற்ற சுவர்த்தாள் வடிவமைப்பாளர் வில்லியம் மோரிசும் நம்பாதவர்களில் ஒருவர். ஆர்செனிக் உற்பத்தியில் முன்னணியில் இருந்த டெவன் கிரேட் கன்சோல்ஸ் சுரங்க நிறுவனத்தில் அவருடைய குடும்பத்துக்குப் பங்குகள் இருந்தன. 1875 வரை அவர் அதன் இயக்குநராகவும் இருந்தார். மருத்துவர்களின் அச்சத்தைச் சூனியக்காரிகளைப் பற்றிய பழைய பீதியோடு ஒப்பிட்டு 1885இல் ஒரு கடிதம் எழுதினார். அவரது தொடக்ககாலத் தாள் ஒன்றின் பச்சையில் ஆர்செனிக் இருந்ததை 2003இல் வெளியான ஆய்வு காட்டியது.

அமெரிக்காவில் பேராசிரியர் ராபர்ட் கெட்சி வேறு வழியை மேற்கொண்டார். நச்சுச் சுவர்த்தாள் துண்டுகளையே தொகுத்து, 1874இல் 100 படிகள் கொண்ட நூலாக்கி மிச்சிகன் மாநில நூலகங்களுக்கு அனுப்பினார். அந்நூலே நஞ்சு என்பதால் பெரும்பாலான படிகள் பின்னர் அழிக்கப்பட்டன.

நஞ்சு பரவிய வழி

தாளிலிருந்து உதிரும் நிறமித் தூசு மூச்சிலும் உணவிலும் கலந்தது ஒரு வழி. 1890களில் இத்தாலிய அறிஞர் பார்த்தலோமியோ கோசியோ மற்றொன்றைக் கண்டறிந்தார். ஈரத்தில் வளரும் சில பூஞ்சைகள் ஆர்செனிக் நிறமியிலிருந்து ஒரு வாயுவை உண்டாக்கின. அது டிரைமெத்தில்ஆர்சைன் என்பதை 1932இல் ஃபிரெடரிக் சாலஞ்சர் நிறுவினார். அந்த வாயு எந்த அளவுக்குத் தீங்கு செய்தது என்பதில் இன்றைய ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

வீழ்ச்சி

சுவீடன் போன்ற நாடுகள் சட்டத்தின் மூலம் இந்நிறமியைக் கட்டுப்படுத்தின. பிரிட்டனில் சுவர்த்தாளில் ஆர்செனிக்கைத் தடைசெய்யும் சட்டம் வரவில்லை. அங்கு மருத்துவ இதழ்களும் செய்தித்தாள்களும் தொடர்ந்து எழுதியதால் மக்கள் அத்தாள்களைத் தவிர்த்தனர். உற்பத்தியாளர்களும் 'ஆர்செனிக் அற்றது' என்று விளம்பரம் செய்யத் தொடங்கினர். நஞ்சு பரவும் வழியை அறிவியல் விளக்குவதற்கு முன்பே, வாங்குவோரின் அச்சம் அந்தப் பச்சையைப் பெரும்பாலான வீடுகளிலிருந்து வெளியேற்றத் தொடங்கிவிட்டது.