கட்டம் கட்டமா உடையுற கல்யாணம்: வீடியோ ஃபார்மட்டுகளின் கதை

2000களின் தொடக்கத்துல தமிழ்நாட்டுல வளர்ந்தவங்களுக்கு ஒரு விஷயம் மறக்கவே மறக்காது. விசிடி ப்ளேயர்ல படம் ஓடிட்டு இருக்கும். சரியா சண்டைக் காட்சி வரும்போது ஹீரோ முகம் கட்டம் கட்டமா உடையும். ஒரு கட்டத்துல மூக்கு, பக்கத்துக் கட்டத்துல முந்தின சீன்ல வந்த மரம். யாராவது எழுந்து போய் சிடிய வெளிய எடுத்து, பனியன்ல துடைச்சு, ஊதி, திரும்பப் போடுவாங்க. சில நேரம் ஓடும். சில நேரம் அதோட கதை முடிஞ்சுது.

அது ஏன் கட்டமா உடையணும்? பழைய வீடியோ கேசட் கெட்டுப்போனா கோடு கோடாத்தான் போகும். பிலிம் கெட்டுப்போனா கீறல் விழும். சிடி மட்டும் ஏன் சதுரம் சதுரமா? இதுக்குப் பதில் தெரிஞ்சா, இன்னைக்கு உங்க ஃபோன்ல எடுத்த வீடியோ எடிட்டிங் சாஃப்ட்வேர்ல ஏன் திக்குதுன்றதுக்கும் பாதி பதில் கிடைச்சுடும்.

கதை 1972ல ஆரம்பிக்குது. பெங்களூருல பிறந்து, அமெரிக்காவுல கான்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்துல பேராசிரியரா இருந்த நசீர் அகமதுன்ற பொறியாளர், படங்களைச் சுருக்க ஒரு கணித முறையை யோசிச்சு, அந்நாட்டு தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார். கிடைக்கல. யோசனை ரொம்ப எளிமையா இருக்குன்ற மாதிரி மதிப்பீட்டாளர் ஒருத்தர் சொன்னதா அவரே பின்னாடி எழுதியிருக்கார். அவர் விடல. தன் ஆராய்ச்சி மாணவர் டி.நடராஜன், டெக்சாஸ்ல ஆர்லிங்டனில் இருந்த நண்பர் கே.ஆர்.ராவ் ரெண்டு பேரோடயும் சேர்ந்து வேலையை முடிச்சார். 1974 ஜனவரியில் கட்டுரை வெளியாச்சு. சில பக்கங்கள்தான். இந்த ராவ் 1952ல் நம்ம சென்னைப் பல்கலைக்கழகத்துல பொறியியல் பட்டம் வாங்கினவர்.

அந்த முறைக்குப் பேர் டிஸ்க்ரீட் கொசைன் டிரான்ஸ்ஃபார்ம், சுருக்கமா டிசிடி. பேரைக் கேட்டுப் பயப்படாதீங்க. படத்தை எட்டுக்கு எட்டு புள்ளி உள்ள சின்னச் சின்னச் சதுரமா வெட்டிக்கணும். ஒவ்வொரு சதுரத்துலயும் வெளிச்சம் மெதுவா மாறுற பகுதி எவ்வளவு, படபடன்னு மாறுற நுணுக்கம் எவ்வளவுன்னு பிரிச்சு எழுதணும். மெதுவா மாறுறதைப் பத்திரமா வெச்சுக்கணும். நுணுக்கத்தை நம்ம கண்ணு அவ்வளவா கவனிக்காது, அதுல கைவைக்கலாம். ஜேபெக் போட்டோவுக்கும், 1990களில் வந்த எம்பெக் வீடியோவுக்கும் அடித்தளம் இதுதான். 2003ல வந்து இன்னைக்கும் உலகம் முழுக்க ஓடுற எச்.264க்குள்ளயும் இதோட வாரிசுதான் உட்கார்ந்திருக்கு. சிடியில் கீறல் விழுந்தா அந்தச் சதுரங்கள் வெளிய தெரியும்.

1993ல பிலிப்ஸ், சோனி முதலான கம்பெனிகள் சேர்ந்து விசிடி தரத்தை வெளியிட்டாங்க. மேற்கு நாடுகள்ல யாரும் பெருசா கண்டுக்கல. ஆசியா கட்டிப்பிடிச்சுக்கிச்சு. ஒரு சிடியில 74 நிமிஷம், மிஞ்சினா 80. அதனாலதான் ரெண்டரை மணி நேரத் தமிழ்ப்படத்துக்கு பெரும்பாலும் ரெண்டு சிடி, கொஞ்சம் நீளமான படம்னா மூணாவது சிடியில கிளைமாக்ஸ் மட்டும். அந்த 74 நிமிஷத்தை உள்ள அடைக்க இன்னொரு வேலையும் செஞ்சாங்க. டேட்டா சிடியில, கீறல் விழுந்தாலும் கணக்குப் போட்டு மீட்டெடுக்க ஒரு கூடுதல் பாதுகாப்பு அடுக்கு இருக்கும். விசிடியில அந்த அடுக்கை எடுத்துட்டு, அந்த இடத்துலயும் படத்தைப் போட்டாங்க. பனியன்ல துடைக்கிற பழக்கம் நமக்கு வந்ததுக்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போ மணவூர். சென்னையிலிருந்து அரக்கோணம் போற லோக்கல் ட்ரெயின்ல திருவாலங்காட்டுக்கு முந்தின ஸ்டேஷன். எங்க அத்தை அங்கதான் இருக்காங்க. 1996ல திருத்தணி மலைமேல தாலி கட்டி, கீழ மண்டபத்துல சாப்பாடு. மூணு மணி நேர விஎச்எஸ் கேசட். 2003 வாக்குல ஒரு ஸ்டுடியோவுல குடுத்து ரெண்டு விசிடியா மாத்தி வாங்கிட்டாங்க. போன வருஷம் நான் போயிருந்தப்போ அந்த ரெண்டு சிடியையும் கையில குடுத்து, "டேய், இத ஃபோன்ல ஏத்திக் குடுடா, பாப்பா பாக்கணும்ன்றா"ன்னாங்க.

இதைச் செய்யறது சுலபம். சிடிக்குள்ள எம்பெக்ஏவின்னு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள ஒரு டேட் ஃபைல். அது எம்பெக்-1 வீடியோதான். ஃபைலோட கடைசி மூணு எழுத்துங்கறது பெரும்பாலும் டப்பா மேல ஒட்டின லேபிள். எம்பி4, ஏவிஐ, எம்கேவி எல்லாமே டப்பா. உள்ள இருக்குற பண்டம் எச்.264ஆ, எம்பெக்-2வா, டிவ்எக்ஸான்றது வேற விஷயம். டப்பாவை மட்டும் மாத்தினா பண்டத்துக்கு ஒண்ணும் ஆகாது, ஒரு நிமிஷத்துல முடியும். பண்டத்தையே மாத்தினா ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கெடும். ‘கன்வர்ட்’ங்கற ஒரே வார்த்தையால ரெண்டையும் சொல்றதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம்.

ஆனா நான் அத்தைகிட்ட கேட்டது, "கேசட் எங்க?" பீரோவுல, பட்டுப்புடவைக்கு அடியில இருந்துச்சு. சிடி வந்தப்புறம் கேசட் எதுக்குன்னு யாரும் தொடல, நல்லவேளையா தூக்கியும் போடல.

கணக்கு இதுதான். நம்ம ஊரு பால் முறையில டிவி படம் நொடிக்கு 50 பாதிப்படமா வரும், ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு தடவை, இரட்டைப்படைக் கோடுகள் அடுத்த தடவை. கேசட்ல அந்த 50ம் இருக்கு. விசிடிக்கு உயரம் 288 கோடுதான், நொடிக்கு 25 படம்தான். அதனால சராசரி ஸ்டுடியோ மாற்றத்துல பாதிப்படங்கள்ல ஒண்ணு விட்டு ஒண்ணு போயிடும். மேளக்காரர் கை அசைவுல அது தெரியும். அதுக்கும் மேல, மூணு மணி நேரம் ரெண்டு சிடியில அடங்காது. ஸ்டுடியோக்காரர் என்ன செய்வார்? கடைசியில வந்த பந்தியை வெட்டிட்டார். மீதி இடங்கள்ல நாதஸ்வரத்தை எடுத்துட்டு சினிமா பாட்டைப் போட்டுட்டார். அவரைத் திட்டவும் மனசு வரல, அன்னைக்கு எல்லாரும் கேட்டது அதைத்தான்.

டெக் கிடைக்கறதுதான் பெரும்பாடு. உலகத்துல கடைசியா விசிஆர் செஞ்சிட்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனி 2016 ஜூலையோட நிறுத்திடுச்சு. ஒருத்தர்கிட்ட இரவல் வாங்கி, ஹெட்டைச் சுத்தம் பண்ணி, கேசட்டை முன்னாடி பின்னாடி ஒரு தடவை முழுசா சுத்திட்டுத்தான் ஓட்டினோம். பந்தி வந்துச்சு. எங்க தாத்தா வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு சாம்பார் வாளியோட போறார், இலை இலையா குனிஞ்சு ஏதோ கேட்டுக்கிட்டே போறார். 1999லயே தவறிட்டார். சிடியில அவர் மேடை ஓரத்துல நிக்கிற போட்டோ மாதிரி ரெண்டு இடத்துலதான் இருக்கார். பந்தியிலதான் நடக்கிறார், பேசுறார். அத்தை ரொம்ப நேரம் பேசவே இல்ல.

எடிட்டிங் பக்கம் வருவோம். எம்பெக் காலத்துல வந்த இன்னொரு சிக்கனம்: எல்லாப் படத்தையும் முழுசா எழுதறதில்ல. ஒரு முழுப்படம், அதுக்கப்புறம் வர்றதுல மாறினது மட்டும். பார்க்க இது பிரமாதம். வெட்டி ஒட்டத்தான் தலைவலி. நடுவுல ஒரு படத்துல கத்தி வெச்சா, கம்ப்யூட்டர் பின்னாடி போய் முழுப்படத்தைத் தேடி, அங்கிருந்து கணக்குப் போட்டுட்டு வரணும். உங்க டைம்லைன் திக்குறது அதனாலதான். 1995ல வந்த மினிடிவி கேசட்ல இந்தத் தொல்லை இல்ல. ஒவ்வொரு படமும் தனித்தனி, மணிக்கு ஏறத்தாழ 13 ஜிபி. நம்ம ஊரு கல்யாண எடிட்டர்கள் சுமாரான கம்ப்யூட்டர்லயே அவ்வளவு வேலை பார்த்ததுக்கு அது பெரிய உதவி. இன்னைக்கு அதே வேலையை ஆப்பிளோட ப்ரோரெஸ், ஆவிட்டோட டிஎன்எக்ஸ்எச்டி செய்யுது. ஃபைல் பெருசாகும், எடிட்டிங் வழுக்கிட்டுப் போகும்.

ஃபோன் வீடியோவுல கூடுதலா ஒரு வில்லங்கம். வெளிச்சம் குறைஞ்சா ஃபோன் நொடிக்கு எத்தனை படம்ன்றதை தானே மாத்திக்கும். எடிட்டிங்ல போட்டா, பேச்சுக்கும் உதட்டுக்கும் பொருந்தாது. எடிட்டுக்கு முன்னாடியே நிலையான 25 அல்லது 30க்கு மாத்திக்கோங்க. இதுக்கெல்லாம் காசு வேண்டாம். 2000த்துல ஃபாப்ரிஸ் பெல்லார்ன்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கின எஃப்எஃப்எம்பெக் இலவசம். நீங்க பயன்படுத்துற பாதி கன்வர்ட்டர்களுக்குள்ள ஓடுறதும் அதுதான்.

நாங்க செஞ்சது இவ்வளவுதான். கேசட்லயிருந்து பெரிய ஃபைலா ஒரு பிரதி, ரெண்டு ஹார்ட் டிஸ்க்ல. அதிலிருந்து பாப்பாவுக்கு ஒரு எம்பி4. அதையும் வாட்ஸ்அப்ல வீடியோவா அனுப்பாம டாக்குமெண்ட்டா அனுப்பினோம், இல்லன்னா அது தன் பங்குக்கு இன்னொரு தடவை சுருக்கும்.

காந்த நாடாக்களைக் காப்பாத்த 2025தான் கெடுன்னு ஆஸ்திரேலியாவோட தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2015லயே எச்சரிச்சது. நாடா கெடுறது ஒரு பக்கம், அதை ஓட்ட மெஷினும் பழுதுபார்க்க ஆளும் இல்லாமப் போறது இன்னொரு பக்கம். உங்க வீட்டுப் பரண்ல கேசட் இருந்தா, முதல்ல பூஞ்சை இருக்கான்னு சன்னல் வழியா டார்ச் அடிச்சுப் பாருங்க. வெள்ளையா பொடி மாதிரி தெரிஞ்சா டெக்ல போடாதீங்க, ஹெட்டும் கெடும், நாடாவும் கெடும். அதைச் சுத்தம் பண்ணத் தெரிஞ்சவங்ககிட்ட குடுங்க. அடுத்த எபிசோட்ல ஆடியோ கேசட் பத்திப் பேசலாம்.