போஸ்ட்கிரெசுகியூஎல் வழங்கி அமைப்பு

போஸ்ட்கிரெசுகியூஎல் என்பது வாங்கி-வழங்கி முறையில் இயங்கும் ஒரு கட்டற்ற தரவுத்தள மேலாண்மை மென்பொருள் ஆகும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 1986 இல் தொடங்கிய போஸ்ட்கிரெஸ் திட்டத்திலிருந்து வளர்ந்த இம்மென்பொருள், 1996 இல் இப்பெயரைப் பெற்றது. தரவுகள் வழங்கியில் சேமிக்கப்படுகின்றன. பயனர் கணினியிலுள்ள செயலி வலையமைப்பின் வழியே வினவல்களை அனுப்பி விடைகளைப் பெறுகிறது.

பயனர்களுக்குத் திறத்தல்

நிறுவியவுடன் இவ்வழங்கி பொதுவாகத் தான் இயங்கும் கணினியிலிருந்து வரும் இணைப்புகளை மட்டுமே ஏற்கும். பிற கணினிகளும் இணைய வேண்டுமாயின், 'லிசன்_அட்ரசஸ்' என்னும் அளவுருவில் வழங்கியின் வலையமைப்பு முகவரியைச் சேர்த்து, வழங்கியை மீளத் தொடக்க வேண்டும். இயல்பான போர்ட் எண் 5432 ஆகும்.

அணுக்கக் கட்டுப்பாடு

எந்தப் பயனர், எந்த முகவரியிலிருந்து, எந்தத் தரவுத்தளத்தை, எம்முறையில் அணுகலாம் என்பதை 'பிஜி_எச்பிஏ.கான்ஃப்' என்னும் கோப்பு வரையறுக்கிறது. இதன் வரிகள் மேலிருந்து கீழாகப் படிக்கப்படும். பொருந்தும் முதல் வரியே செல்லுபடியாகும். எவ்வரியும் பொருந்தாவிடின் இணைப்பு மறுக்கப்படும்.

'டிரஸ்ட்' முறை கடவுச்சொல் கேட்பதில்லை. சோதனைக்காக எல்லா முகவரிகளுக்கும் இம்முறையை அனுமதித்து எழுதிய வரி நீக்கப்படாமல் மேலே இருந்தால், கீழுள்ள கட்டுப்பாடுகள் பயனற்றுப் போகும். தரவுத்தளம் எவருக்கும் திறந்துகிடக்கும். எனவே, பயனர்களுக்கு வழங்கும் முன் கடவுச்சொல் முறைக்கு மாற்றுதல் இன்றியமையாதது. 2017 இல் வெளியான 10 ஆம் பதிப்பு முதல் கிடைக்கும் 'ஸ்கிராம்-ஷா-256' முறை, பழைய 'எம்டி5' முறையைவிடப் பாதுகாப்பானது.