வெள்ளைப்புள்ளி வைரசும் தூய தாய் இறாலும்

1994-95ஆம் ஆண்டுகளில் ஆந்திர, தமிழகக் கடலோரப் பண்ணைகளில் புலி இறால்கள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. நோய் கண்ட 3 முதல் 10 நாட்களுக்குள் குளங்கள் வெறுமையாயின. 1992 வாக்கில் கிழக்காசியாவில் தலைகாட்டிய வெள்ளைப்புள்ளி வைரசே காரணம்.

அது இறாலுக்குள் புகும் வழி பின்னரே தெளிவாயிற்று. ஏறத்தாழ 3 லட்சம் இணைகள் கொண்ட ஈரிழை டிஎன்ஏவாகிய அதன் மரபணுத்தொகுதி 2001இல் வெளியிடப்பட்டது. வைரசின் உறையிலுள்ள விபி28 புரதம், புலி இறாலின் ராப்7 புரதத்தோடு பிணைவதைத் தாய்லாந்து ஆய்வாளர்கள் 2006இல் காட்டினர். உயிரணுவுக்குள் பொருட்போக்கை நடத்தும் புரதமே நோய்க்கும் துணைபோகிறது. உட்கருவை அடைந்த வைரஸ் அங்கே பெருகுகிறது.

இறாலின் உடல் எதிர்ப்பொருள்களை உருவாக்குவதில்லை. ஆதலால், அவற்றை நம்பிச் செயற்படும் வழக்கமான தடுப்பூசிக்கு இங்கே இடமில்லை. எஞ்சிய வழி, வைரசைக் குளத்துக்குள் விடாமையே. கடலில் பிடித்த தாய் இறாலிடமிருந்து குஞ்சுகளுக்கு நோய் தொற்றியதால், பொரிப்பகங்களில் பிசிஆர் சோதனை இன்றியமையாததாயிற்று. 2009இல் வனாமி இறாலுக்கு அரசு அனுமதி அளித்தபோது, குறித்த நோய்க்கிருமிகளற்ற தாய் இறால்களையே இறக்குமதி செய்து, சென்னை நீலாங்கரையில் தனிமைப்படுத்திச் சோதிக்கும் முறை வந்தது.

ஆயினும் நோய்க்கிருமி இன்மை வேறு, நோயெதிர்ப்பு வேறு. வைரஸ் புகுந்த குளத்தில் வனாமியும் மடியும். இவ்வேறுபாட்டை மறக்கும் பண்ணை 1995ஐ மீண்டும் காண நேரும்.