அக்காரவடிசில்: ஒரு நேர்த்திக்கடனின் வரலாறு

பாலும் அரிசியும் இனிப்பும் கலந்த உணவு பாரத நாடு முழுவதற்கும் பொதுவானது. வடவர் அதனைக் கீர் என்பர். தென்னாட்டார் பாயசம் என்பர். கீர் என்பது ‘க்ஷீரம்’ என்னும் சொல்லினின்றும், பாயசம் என்பது ‘பயஸ்’ என்னும் சொல்லினின்றும் பிறந்தவை. இரண்டும் வடசொற்களே, இரண்டிற்கும் பொருள் பால் என்பதே. ஆயின், இவற்றினும் வேறான பெயரொன்று தமிழர் இல்லங்களில் வழங்கி வருகிறது. அதுவே அக்காரவடிசில்.

இப்பெயரைப் பிரித்துப் பார்த்தால் ஒரு வரலாறு புலப்படும். அடிசில் என்பது சமைத்த உணவைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். அக்காரம் என்பதோ ‘சர்க்கரா’ என்னும் வடசொல், பிராகிருதத்தில் ‘சக்கரா’ எனத் திரிந்து, முதலெழுத்தை இழந்து தமிழில் குடியேறிய வடிவம். அதே சொல் மேற்றிசை சென்று ஆங்கிலத்தில் ‘சுகர்’ ஆயிற்று. வடக்கினின்று வந்த சொல்லும் தெற்கின் சொல்லும் ஒரு பானையில் ஒன்றாக வெந்த பெயர் இது எனலாம்.

இவ்வுணவுக்குத் தமிழகத்தில் நிலைத்த புகழைத் தேடித் தந்தவர் வில்லிபுத்தூர் ஆண்டாள். அவர் காலம் கி.பி. 9-ஆம் நூற்றாண்டு என்பர் ஆய்வாளர் பலர். நாச்சியார் திருமொழியில், மதுரைக்கு அண்மையிலுள்ள திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் நேர்ந்துகொண்டதாக அவர் பாடியுள்ளார். தடா என்பது பெரும்பானை. திருப்பாவையின் 27-ஆம் பாசுரத்திலோ பாற்சோறு மூட நெய் பெய்து, அந்நெய் முழங்கை வரை வழியுமாறு கூடியிருந்து உண்ணும் காட்சியைக் காட்டுகிறார். தனித்திருந்து உண்பதன்று, கூடியிருந்து உண்பதே அவர் வேண்டிய இன்பம் என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

ஆண்டாள் நேர்ந்த கடன் சொல்லளவிலேயே நின்றது. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் சென்றபின் இராமானுசர் திருமாலிருஞ்சோலைக்கு எழுந்தருளி, நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் படைத்து அந்நேர்த்தியை நிறைவேற்றினார் என்று வைணவ குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. அதன்பின் அவர் வில்லிபுத்தூர் சென்றபோது ஆண்டாள் அவரை அண்ணன் என அழைத்து வரவேற்றதாக மரபு. தங்கையின் கடனைத் தீர்ப்பவன் தமையன் அல்லனோ! முன்னே பிறந்தவள் தங்கையாகவும், பின்னே பிறந்தவர் தமையனாகவும் ஆயினர். மார்கழி 27-ஆம் நாளாகிய கூடாரவல்லியன்று வைணவத் திருக்கோயில்கள் பலவற்றில் இன்றும் அக்காரவடிசில் படைக்கப்பெறுகிறது.

இதன் செய்முறையும் எளிதன்று. சர்க்கரைப் பொங்கலில் அரிசி பெரும்பாலும் நீரில் வேகும்; அக்காரவடிசிலில் அது பாலிலேயே குழைய வேண்டும். வெண்கலப் பானையில் பாலைச் சுண்டக் காய்ச்சி, நெய்யில் வறுத்த அரிசியையும் பயத்தம்பருப்பையும் இட்டு, அடிபிடியாமல் கிளறிக்கொண்டே இருத்தல் வேண்டும். வெல்லத்தைத் தனியே கரைத்து வடிகட்டி, இறுதியிலேயே சேர்ப்பர். முன்னரே சேர்த்தால் பால் திரிந்துபோதல் கூடும். பொறுமையே இதன் முதற்சரக்கு.

வடநாட்டு மரபும் இதற்கு இளைத்ததன்று. 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அக்பரின் அவைக்களத்து அறிஞர் அபுல் ஃபஸல் இயற்றிய அயினி அக்பரி, அரண்மனை உணவு வகைகளுள் ‘ஷீர் பிரிஞ்சு’ என்னும் பாலன்னத்தின் அளவைத் தருகிறது: பால் 10 சேர், அரிசி 1 சேர், கற்கண்டு 1 சேர், சிறிது உப்பு. ஆழ்வார் மகளின் பாட்டிலும் முகலாயர் ஏட்டிலும் ஒருங்கே இடம்பெற்ற உணவு வகை இது.

இனி நம் கதைக்கு வருவோம். மத்திய அரசுப் பணியின் பொருட்டுத் தலைநகர் வந்த தமிழ்க் குடும்பங்கள், லக்ஷ்மிபாய் நகர் போன்ற அரசுக் குடியிருப்புகளில் இம்மரபையும் உடன்கொண்டே குடியேறின. 1959-இல் தில்லிப் பால் திட்டமும், 1974-இல் மதர் டெய்ரியும் தோன்றின. ஆவின்பால் கிட்டாதபோது எருமைப்பாலிலும், பாகுவெல்லம் கிட்டாதபோது இவ்வூர்க் குட்டிலும் நம் இல்லத்தரசியர் அக்காரவடிசில் சமைத்தனர். கூடாரவல்லி வரும் சனவரித் திங்களில் இந்நகரின் குளிர் கொடிது; நெய் முழங்கைக்கு வழிவதற்குமுன் உறைந்துவிடும்! ஆயினும் அண்டை வீட்டாரைக் கூட்டி உண்ணும் வழக்கம் உறையவில்லை.

ஆயின் இங்குப் பிறந்து வளரும் நம் பிள்ளைகள் அக்காரவடிசிலையும் ‘கீர்’ என்றே சொல்லக் கேட்கிறோம். கீர் என்னும் சொல்லில் குறையேதுமில்லை. அதுவும் நம் நாட்டுச் செல்வமே. எனினும் பெயர் மறைந்தால் அதனோடு ஆண்டாளின் நேர்த்தியும், இராமானுசர் தீர்த்த கடனும் மறைந்துபோகும். சுவை நாவில் தானே நிற்கும். வரலாற்றையோ ஒருவர் எடுத்துச் சொல்லியாதல் வேண்டும்.

ஒருவர் நேர்ந்ததை மற்றொருவர் நிறைவேற்றுவதே மரபு என்பதற்கு இவ்வடிசிலே சான்று. நம் தாயரும் பாட்டியரும் செய்ய எண்ணி, இடத்தாலும் பொருளாலும் இயலாது விட்டவை எத்தனையோ உள. அவற்றுள் ஒன்றையேனும் நாம் நிறைவேற்றலாம். வரும் கூடாரவல்லியன்று பிள்ளைகளின் இலையில் அக்காரவடிசிலைப் பரிமாறும்போது, அதன் பெயரையும் சேர்த்தே பரிமாறுவோமாக.